விழுங்கும் செல்லும் கோலார் தூசியும்

கோலார் தங்கவயலை அறிவியல் உலகம் இரண்டு காரணங்களுக்காக நினைவில் வைத்திருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றை நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறது. 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடயத்தை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் அவர்களோடு சேர்ந்த ஜப்பானிய, பிரிட்டிஷ் இயற்பியலாளர்களும் பதிவுசெய்தார்கள். இயற்பியல் வரலாற்றில் அதற்கு நிலையான இடம் உண்டு. மற்றொன்று அதற்கு இருபது ஆண்டுகள் முந்தையது, பேசுவோர் குறைவு. 1940க்கும் 1946க்கும் இடையே இதே சுரங்கங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் நெஞ்சைப் பரிசோதித்தார்கள். அவர்களில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேலானவர்களுக்கு, சிலிக்காத் தூசியால் நுரையீரல் வடுப்பட்டுக் கெட்டியாகும் சிலிக்கோசிஸ் என்னும் நோய் இருந்தது. 1947இல் வெளியான அந்த ஆய்வுதான் இந்தியாவில் இந்த நோயைப் பற்றிய முதல் முறையான பதிவு என்று மருத்துவப் பாடநூல்கள் இன்றும் சொல்கின்றன. வட ஆற்காட்டிலிருந்தும் அதன் சுற்றுப்புறத்திலிருந்தும் தலைமுறை தலைமுறையாகச் சென்று லைன் வீடுகளில் குடியிருந்த தமிழர்கள், அவர்களிலும் பெரும்பான்மையான தலித் மக்கள், அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறார்கள். அவர்களுடைய நுரையீரலில் நடந்தது என்ன என்பதை விளக்கும் அறிவு பிறகு எலி, முயல் ஆகியவற்றின் செல்களிலிருந்து வந்தது. அந்த அறிவை முழுமையாகப் படித்தால் ஒரு முடிவுக்கு வராமல் இருக்க முடியாது: இந்த நோயைச் செல்லுக்குள் தடுத்து நிறுத்த முயல்வது வீண், பாறையில் துளையிடும் இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

முதலில் பாறை. கோலாரின் தங்கம் கரும்படலப் பாறைகளுக்கு ஊடே ஓடும் குவார்ட்ஸ் நரம்புகளில் கலந்து கிடந்தது. குவார்ட்ஸ் என்பது படிகமான சிலிக்கா. தங்கத்தை எடுக்க வேண்டுமானால் குவார்ட்ஸைத் துளைக்க வேண்டும், வெடிவைத்துத் தகர்க்க வேண்டும், பிறகு ஆலையில் மாவாக அரைக்க வேண்டும். ஒரு டன் பாறையில் சில கிராம் தங்கம். மீதியெல்லாம் கல்லும் தூசியும். தூசியில் பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாய்களின் சளியிலும் மாட்டிக்கொண்டு வெளியேறிவிடும். ஏறக்குறைய ஐந்து மைக்ரானுக்கும் சிறியவைதான், அதாவது மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைந்தவைதான், காற்றறைகள் வரை போய்ச் சேர்கின்றன. கண்ணுக்குத் தெரிகிற தூசியைவிடத் தெரியாத தூசியே ஆபத்தானது என்பதற்கு இதுவே காரணம். ஒரு சுரங்கக் குடைவில் வெடிப்புக்குப் பிறகு புகை அடங்கிக் காற்று தெளிந்ததுபோல் தோன்றும்போதும் இந்த நுண்துகள்கள் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும்.

காற்றறையில் சளியும் கிடையாது, தூசியைத் தள்ளும் நுண்மயிர்களும் கிடையாது. அங்கே காவல் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் செல்களுடையது. காற்றறையின் சுவரில் ஊர்ந்து திரியும் இந்தச் செல், வழியில் கிருமியோ தூசியோ தென்பட்டால் அதைச் சுற்றித் தன் உடலையே உதடுபோல் நீட்டி, வளைத்து, மூடி, உள்ளே இழுத்துக்கொள்ளும். எலும்போ தசையோ இல்லாத ஒரு செல் எப்படி நகர்கிறது, எப்படி நீள்கிறது? அதற்குள் இருக்கும் சைட்டோஸ்கெலட்டன் என்னும் இழைச் சட்டகத்தால். அந்தச் சட்டகத்தின் முக்கிய இழை ஆக்டின். 1942இல் ஹங்கேரியின் செகெட் நகரில் புருனோ ஷ்ட்ராப் தசையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். பிறகுதான் உட்கரு உள்ள ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இது மிகுதியாக இருப்பது தெரிந்தது. 375 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு புரத மணி, தன்னைப் போன்ற பிற மணிகளோடு கோத்துக்கொண்டு ஏழு நானோமீட்டர் தடிமனுள்ள இழையாக வளர்கிறது. தேவை முடிந்ததும் மணிமணியாக உதிர்கிறது.

வளர்வதும் உதிர்வதும் தானாக நடந்தால் செல்லுக்குப் பயனில்லை. எங்கே வளர வேண்டும், எங்கே கிளைக்க வேண்டும், எப்போது அறுபட வேண்டும் என்பதை ஆக்டினோடு ஒட்டும் புரதங்கள் முடிவுசெய்கின்றன. கட்டடம் எழும்பும்போது கம்புகளை நட்டுக் கயிறு கட்டிச் சாரம் போடுபவர்கள், மேலே வேலை நகர நகரக் கீழே அவிழ்த்து மேலே கட்டிக்கொண்டே போவார்கள். ஆக்டின் கம்பென்றால் இந்தப் புரதங்கள் கட்டுபவர்களும் அவிழ்ப்பவர்களும். இவற்றில் மிக முக்கியமான இரண்டு, வேறெங்கும் இல்லாமல் நுரையீரல் மேக்ரோஃபேஜிலேயே முதலில் அடையாளம் காணப்பட்டன என்பதைக் கோலாரைப் பற்றி எழுதும்போது அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. 1975இல் பாஸ்டனில் ஜான் ஹார்ட்விக்கும் தாமஸ் ஸ்டாசலும் முயலின் நுரையீரலைக் கழுவி எடுத்த மேக்ரோஃபேஜ்களில் ஆக்டினோடு ஒட்டும் ஒரு பெரிய புரதத்தைக் கண்டார்கள். ஆக்டின் இழைகளைக் குறுக்காகப் பிணைத்து, நீர்த்த கரைசலைக் கூழாக இறுகச் செய்வது அது. இன்று ஃபிலமின் என்று அழைக்கிறோம். 1979இல் ஹெலன் யின்னும் ஸ்டாசலும் அதே வகைச் செல்லில் இதற்கு நேர்மாறான வேலை செய்யும் கெல்சாலினைக் கண்டார்கள். கால்சியத்தின் அளவு உயர்ந்ததும் கெல்சாலின் ஆக்டின் இழையை அறுத்து, அறுந்த முனையில் தொப்பிபோல் உட்கார்ந்துகொள்ளும். இறுகிய கூழ் மறுபடி இளகும். இதே அறுக்கும் வேலையை வேறொரு முறையில் செய்யும் கோஃபிலின், கிளை விடவைக்கும் ஆர்ப்2/3 கூட்டுப்புரதம், மணிகளை இழைமுனைக்குக் கொண்டுசேர்க்கும் புரோஃபிலின் என்று பட்டியல் நீளும். நூற்றுக்கும் மேல் தெரியும். மேக்ரோஃபேஜ் ஒரு துகளை விழுங்கும்போது விளிம்பில் ஆக்டின் கிளைத்து நீள்கிறது, அடியில் அறுபட்டு வழிவிடுகிறது, துகளைச் சுற்றிப் பை மூடிய பின் அதன் மேலிருந்த ஆக்டின் உறை கழன்றுவிடுகிறது. உறை கழன்ற பையோடு லைசோசோம் என்னும் செரிமானப் பை வந்து இணைகிறது. கிருமியாக இருந்தால் அத்தோடு அதன் கதை முடிந்தது.

குவார்ட்ஸ் துகளாக இருந்தால் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1966இல் லண்டனில் அந்தோணி அலிசன் தம் சகாக்களோடு வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சிலிக்காத் துகளை மேக்ரோஃபேஜ் மற்றத் துகள்களைப் போலவே விழுங்குகிறது, துகள் லைசோசோமுக்குள் போய்ச் சேர்கிறது, அங்கே பையின் சவ்வைத் துகளின் மேற்பரப்பு சிதைக்கிறது, செரிமான நொதிகள் செல்லுக்குள்ளேயே கசிந்து, விழுங்கிய செல் இறக்கிறது. துகளுக்கு எந்தச் சேதமும் இல்லை. இறந்த செல்லிலிருந்து வெளியே வந்த அதே துகளை அடுத்த மேக்ரோஃபேஜ் விழுங்குகிறது, அதுவும் இறக்கிறது. 1967இல் ஹெப்பிள்ஸ்டனும் ஸ்டைல்ஸும் அடுத்த கண்ணியைக் காட்டினார்கள்: சிலிக்கா கொடுக்கப்பட்ட மேக்ரோஃபேஜ்களிலிருந்து எடுத்த சாற்றை, நார் உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் மேல் ஊற்றினால் அவை கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தைப் பெருக்கின; சிலிக்காவை நேராகக் கொடுத்தபோது அப்படிப் பெருக்கவில்லை. நுரையீரலைக் கெட்டிப்படுத்தும் வடு திசுவுக்கான ஆணை கல்லிலிருந்து வரவில்லை, கல்லை விழுங்கிய செல்லிலிருந்து வந்தது. அந்த ஆணையின் வேதியியல் நாற்பது ஆண்டுகள் கழித்து 2008இல் புலப்பட்டது. கசிந்த லைசோசோமை உணர்ந்து என்எல்ஆர்பி3 இன்ஃப்ளமசோம் என்னும் புரதத் தொகுதி விழித்துக்கொள்கிறது. அது இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிச் செய்தியை வெளியே அனுப்புகிறது. என் வாதத்துக்கு மிக நெருக்கமான சான்று அந்த ஆண்டின் ஆய்வுகளுக்குள்ளேயே இருக்கிறது. ஆக்டின் இழை வளராமல் தடுக்கும் சைட்டோகலாசின் என்ற பூஞ்சைப்பொருளை முன்கூட்டியே கொடுத்தால், சிலிக்கா பக்கத்திலேயே இருந்தும் அந்த அழற்சிச் செய்தி புறப்படவில்லை. செல் விழுங்க முடியாவிட்டால் இன்ஃப்ளமசோம் விழிப்பதில்லை.

இவ்வளவும் எலி, சுண்டெலி, முயல், ஆய்வுக்கூடத்தில் வளரும் செல்கள் ஆகியவற்றில் கண்டது. மனிதனுக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயம். இந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை, இரண்டு அடுக்கில் பதில் சொல்ல வேண்டும். செல்லின் இயந்திரம் என்ற அடுக்கில் பொருத்தம் வியக்கத்தக்கது. மேக்ரோஃபேஜ் போன்ற செல்களில் உள்ள பீட்டா ஆக்டின் எலியிலும் மனிதனிலும் ஓர் அமினோ அமிலம்கூட மாறாமல் ஒன்றாகவே இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இரு கிளைகளில் ஒரு புரதம் இப்படி மாறாமல் நிற்கிறதென்றால், அதில் எந்த மாற்றத்தையும் இயற்கை பொறுக்கவில்லை என்று பொருள். அதோடு ஒட்டும் புரதங்கள் அத்தனைக்கும் அது பொருந்தியாக வேண்டியிருக்கிறது. ஆகவே என்ஆர்8383 என்ற எலி நுரையீரல் மேக்ரோஃபேஜ் வரிசையில் ஒரு தூசியைச் சோதித்து, அது விழுங்கப்படுகிறதா, செல்லைக் கொல்கிறதா என்று பார்ப்பது பொருளுள்ள சோதனையே. முழு நுரையீரல் என்ற அடுக்குக்கு வந்தால் எச்சரிக்கை வேண்டும். எலியின் நுரையீரல் தூசிச் சுமைக்கு அளவுமீறிப் பணிந்துவிடும். சிலிக்காவால் எலிக்கு நுரையீரல் புற்றுநோய் வருகிறது, சுண்டெலிக்கும் ஹாம்ஸ்டருக்கும் அப்படி வருவதில்லை. மனிதனுக்கு வரும் என்று 1997இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முடிவுசெய்தபோது எலிகளை மட்டும் நம்பவில்லை, வேலையிடங்களில் மனிதர்களிடம் எடுத்த கணக்குகளையும் சேர்த்தே நம்பியது. லக்னோவில் தொழில்சார் நச்சியல் ஆய்வு மையத்தைக் கட்டியெழுப்பிய சிப்தே ஹசன் ஜைதி, 1969இல் தூசி நோய்கள் பற்றிய விலங்கு ஆய்வுகளை ஒரு நூலாகத் தொகுத்தார். எலியில் நடக்கும் சோதனை நோயின் வழியைக் காட்டும். நோயின் அளவைச் சொல்ல, வேலை செய்த மனிதனின் நெஞ்சுப்படம்தான் வேண்டும். கோலாரில் அந்தப் படங்கள் மேலே சொன்ன செல் ஆய்வுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டன.

இரண்டாவது ஆட்சேபம் கடினமானது. விழுங்குவதுதான் கேடு என்றால், விழுங்குவதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துவிடலாமே. அல்லது துகளின் மேற்பரப்பை மழுக்கும் பொருளைக் கொடுத்துவிடலாமே? இந்த யோசனை புதிதல்ல, நடந்தே இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்துத் தங்கச் சுரங்கங்களில் 1943 முதல் 1979 வரை, வேலைக்கு இறங்கும் முன் தொழிலாளர்களை மூடிய உடைமாற்றும் அறையில் நிறுத்தி, அலுமினியப் பொடியை மூச்சில் இழுக்கவைத்தார்கள். மெக்கின்டைர் பொடி என்று அதற்குப் பெயர். முயல்களில் அலுமினியம் சிலிக்காவின் கேட்டைக் குறைத்தது என்ற ஆய்வை ஆதாரமாகக் காட்டினார்கள். மனிதர்களிடம் அது சிலிக்கோசிஸைத் தடுத்ததாக நிறுவப்படவே இல்லை. பார்க்கின்சன் நோயோடு அதற்குத் தொடர்பிருப்பதைப் பிற்காலக் கணக்கெடுப்புகள் காட்டின. ஒரு விலங்குச் சோதனையைப் பிடித்துக்கொண்டு, தூசியை அப்படியே விட்டுவிட்டு, மனிதனை மாற்றப் பார்த்த முயற்சி அது. அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. பாலிவினைல்பிரிடின் ஆக்சைடு என்ற பொருள் எலிகளில் மெய்யாகவே பலன் தந்தது. சிலிக்காவின் மேற்பரப்பில் ஒட்டி லைசோசோமைக் காத்தது. ஆனாலும் அதன் சொந்த நச்சுத்தன்மை பற்றிய அச்சத்தால் அது பரவலான மருந்தாக நிலைக்கவில்லை.

விழுங்கும் இயந்திரத்தையே நிறுத்தும் யோசனை இவற்றைவிட மோசமானது. காரணம் அந்த இயந்திரம் ஒரே ஒரு வேலைக்கானது அல்ல. தூசியை ஏந்திய மேக்ரோஃபேஜ் மூச்சுக்குழாய் வரை ஊர்ந்து போய்ச் சளியோடு சேர்ந்து வெளியேறுவதும் ஆக்டினால்தான். நுரையீரல் ஓரளவாவது சுத்தமாவது அந்த வழியில்தான். சிலிக்காவைப் பற்றிக்கொள்ள மேக்ரோஃபேஜ் பயன்படுத்தும் மார்கோ என்ற ஏற்பியை இழந்த சுண்டெலிகளில் கேடு குறையும் என்று எதிர்பார்க்கலாம். சோதித்தபோது அவற்றின் நுரையீரலில் அழற்சி அதிகமாகவே இருந்தது. விழுங்காமல் விட்ட துகள் காற்றறையில் சும்மா கிடக்கவில்லை. கிருமிகளின் கதையும் இதனோடு பின்னியிருக்கிறது. சிலிக்கா நிறைந்த நுரையீரலில் காசநோய் எளிதாக வேரூன்றும்; சுரங்கங்களிலும் கல்குவாரிகளிலும் இரண்டும் சேர்ந்தே ஆளை வாட்டும். காசநோய்க் கிருமி மேக்ரோஃபேஜுக்குள் பிழைக்கும் தந்திரத்திலும் ஆக்டினோடு ஒட்டும் ஒரு புரதத்துக்குப் பங்குண்டு. 1999இல் பேசல் நகர ஆய்வாளர்கள் காட்டியபடி, உயிருள்ள கிருமி தன்னை விழுங்கிய பையின் மேல் கொரோனின் என்ற புரதம் கழலாமல் தங்கும்படி செய்துகொள்கிறது. அது கழலாதவரை லைசோசோம் வந்து இணைவதில்லை. இத்தனை வேலைகள் ஒரே சட்டகத்தில் பிணைந்திருக்கும்போது, ஒன்றை மட்டும் நிறுத்தும் விசை எங்கே இருக்கிறது? அழற்சிச் செய்தியை மட்டும் மறிக்கும் மருந்துகளை ஆய்வது தேவை. நோயுற்றவர்களுக்கு அவை நாளை உதவக்கூடும். அவற்றைக் காட்டித் தூசியைத் தொடர அனுமதிப்பது ஒன்டாரியோவின் தவறை மறுபடி செய்வதாகும்.

மூன்றாவதாக ஒன்று கேட்கப்படும்: எல்லோருக்கும் அதே ஆக்டின், அதே கெல்சாலின் என்றால், சுரங்கத்தில் இறங்கிய எல்லோருக்கும் ஏன் நோய் வரவில்லை? வராதவர்கள் பாதிக்கு மேல் இருந்தார்களே? இந்தக் கேள்வியின் அடியில், வந்தவர்களின் உடல்வாகோ பழக்கமோ காரணமாக இருக்கலாம் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. செல்லின் இயக்கத்திலிருந்து கிடைக்கும் விடை வேறு. நோய் எத்தனை துகள், எத்தனை ஆண்டு, எவ்வளவு புதிதாக உடைந்த துகள் என்பதைப் பொறுத்தது. அப்போதுதான் உடைந்த குவார்ட்ஸின் மேற்பரப்பு வேதிவினைக்கு அதிகம் தயாராக இருக்கிறது. பழைய தூசியைவிடப் புதிய தூசி எலிகளின் நுரையீரலை அதிகமாகத் தாக்கியதை 1995இல் வெளியான மூச்சிழுப்பு ஆய்வு காட்டியது. சவ்வைச் சிதைப்பது மேற்பரப்பிலுள்ள சிலனால் என்னும் வேதித்தொகுதிகளில் ஒரு குறிப்பிட்ட வகை என்று அண்மை ஆய்வுகள் சுட்டுகின்றன. ஆகவே துளைபோடும் முகப்பில் நின்றவருக்கும் மேலே லிஃப்ட் இயக்கியவருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. ஒருநாள் எடுத்த நெஞ்சுப்படத்தில் இன்னும் தெரியாத நோய் பத்தாண்டு கழித்துத் தெரியலாம். முடியாமல் வேலையை விட்டு ஊருக்குப் போனவர்களும் இறந்தவர்களும், வேலையில் இருப்பவர்களிடம் எடுக்கும் எந்தக் கணக்கிலும் சேர மாட்டார்கள். நாற்பதுக்கு மேல் என்ற அந்த எண்ணை மிகையாகப் பார்ப்பதற்கு இடமில்லை. குறைவாகப் பார்ப்பதற்கே இடமுண்டு.

இந்தப் புரிதலுக்குச் சட்டப் பொருளும் உண்டு. கோலார் அடங்கியிருந்த மைசூர் சமஸ்தானம் 1940இல் சிலிக்கோசிஸ் விதிகளைக் கொண்டுவந்து, இந்த நோய்க்கு இழப்பீடு உண்டு என்று ஏற்றது. அந்தக் காலத்துக்கு அது முன்னோடியான செயல். ஆனால் செல்லுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்ட பிறகு, வேலையில் இருக்கும்வரைதான் பொறுப்பு என்ற நினைப்பு நிற்காது. குவார்ட்ஸ் கரைவதில்லை. மேக்ரோஃபேஜ் மாறி மேக்ரோஃபேஜ் அதை விழுங்கி இறந்துகொண்டே இருப்பதால், தொழிலாளி சுரங்கத்தைவிட்டு வந்த பிறகும் வடு வளர்கிறது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அன்றைக்கு வெளியே வந்தவர்களின் நுரையீரலில் இருந்த துகள்களுக்கு அந்தத் தேதி தெரியாது. சுரங்கத் தொழிலாளர் உடல்நலத்துக்கென 1990இல் ஒரு தேசிய நிறுவனம் உருவானது. 2019இல் அதை அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனத்தோடு இணைக்க மத்திய அரசு முடிவெடுத்தது. எந்த நிறுவனத்தின் பெயரில் நடந்தாலும், மூடிய சுரங்கத்தின் பழைய தொழிலாளர்களுக்கு வாழ்நாள் முழுக்க நெஞ்சுப் பரிசோதனை கிடைக்க வேண்டும் என்பது உயிரியல் கேட்கும் குறைந்தபட்சம்.

தடுப்பு முறைகள் ஒன்றும் புதியவை அல்ல. துளைபோடும்போது துளைக்கம்பியின் வழியே தண்ணீர் விடுவது, வெடித்த பிறகு காற்று மாறும்வரை ஆளை இறக்காமல் இருப்பது, தூசியை எழும் இடத்திலேயே உறிஞ்சுவது ஆகியவை நூறாண்டாகத் தெரிந்தவை. துகள் காற்றறையைத் தொடும் முன் செய்ய முடிகிற எல்லாம் எளிது, மலிவு. தொட்ட பின் செய்ய முடிவது மிகக் கொஞ்சம். அந்தத் துகள் இன்று தங்கச் சுரங்கத்தில் மட்டும் எழுவதில்லை. தமிழ்நாட்டின் கல்குவாரிகளிலும் ஜல்லி உடைக்கும் கிரஷர்களிலும் எழுகிறது. நம் வீடு கட்டும் இடத்தில் கிரானைட் பலகையை உலர்வாக அறுக்கும் இயந்திரத்திலிருந்தும் எழுகிறது. கிரானைட்டிலும் குவார்ட்ஸ் கணிசமாக இருக்கிறது, அறுக்கும் தூசி புத்தம் புதிதாக உடைந்தது, அறுப்பவரின் மூக்கில் பெரும்பாலும் ஒரு கைக்குட்டைதான். ஐந்து மைக்ரானுக்கும் சிறிய துகளைக் கைக்குட்டை நிறுத்தாது. உங்கள் வீட்டில் கல் அறுக்கும் வேலை நடந்தால் பிளேடின் மேல் தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லுங்கள். அறுப்பவருக்குத் தூசி வடிகட்டும் முகமூடியை உங்கள் செலவிலேயே வாங்கிக் கொடுங்கள்.